தியாகராய நகரும் எம்.பி.பி.எஸ். இடமும்: சேர்க்கை முறையின் நூறாண்டு

தியாகராய நகரின் வரைபடத்தை விரித்தால் நீதிக்கட்சியின் செயற்குழுவே தெருத்தெருவாக நிற்கும். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த இந்தப் பேட்டைக்குப் பெயர் தந்தவர் பிட்டி தியாகராயர். நடுவில் நீதிக்கட்சி ஆட்சியின் முதலமைச்சர் பனகல் அரசர் பெயரில் பூங்கா. டாக்டர் நாயர் சாலைக்கு உரிய டி.எம். நாயரும், நடேசன் பூங்காவுக்கு உரிய சி. நடேச முதலியாரும் தொழிலால் மருத்துவர்கள். உஸ்மான் சாலைக்கு உரிய முகமது உஸ்மான், சுதேச மருத்துவ முறைகளை ஆராய அரசு அமைத்த குழுவின் தலைவர். அக்குழுவின் அறிக்கை 1923-இல் வந்தது. யார் மருத்துவம் படிக்கலாம் என்ற கேள்வியோடு இத்தனை பேருக்கும் தொடர்பு உண்டு. புடவை எடுக்க வருகிற கூட்டத்துக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. சேர்க்கை முறையின் வரலாற்றை எழுதுபவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

இந்த நூறாண்டில் மருத்துவக் கல்லூரி இடத்தை அளக்கும் கோல் குறைந்தது ஆறு முறை மாறியிருக்கிறது: சமூகம், மாவட்டம், நேர்காணல், மாநில நுழைவுத் தேர்வு, பிளஸ் டூ மார்க், நீட். ஒவ்வொரு மாற்றமும் தேர்வுக்குழுவின் விருப்புரிமையைக் கொஞ்சம் வெட்டியது. வெட்டிய இடத்தில் விழுந்த வேலை குடும்பங்களின் தலையில் ஏறியது. இக்கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்.

பனகல் அரசரைப் பற்றி மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் செய்தி ஒன்று உண்டு: மருத்துவக் கல்லூரியில் சேரச் சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர்தான் நீக்கினார் என்பது. அந்த நிபந்தனை எந்த வடிவில் இருந்தது என்பதில் சர்ச்சை தீரவில்லை. ஆகவே இங்கே அதைச் சான்றாகக் கொள்ளவில்லை. அது இல்லாமலே அவர் ஆட்சியின் பங்கு தெளிவு. அரசுக் கல்லூரிகளில் மாணவரைச் சேர்க்கும் அதிகாரம் கல்லூரி முதல்வர் ஒருவரின் கையிலிருந்து குழுக்களிடம் போனது நீதிக்கட்சி ஆட்சியில். 1921-இல் தொடங்கிய வகுப்புவாரி அரசாணைகள் முதலில் அரசு வேலைகளைக் குறித்தவை. பிறகு அதே கணக்கு கல்லூரி இடங்களுக்கும் வந்தது. நடேசனார் இதற்கெல்லாம் முன்பே திருவல்லிக்கேணியில் பார்ப்பனரல்லாத மாணவர்களுக்குத் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தியவர். இடம் கிடைத்தாலும் சென்னையில் தங்கிச் சாப்பிட வழியில்லாவிட்டால் படிப்பு ஏது என்பது அந்த மருத்துவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த சட்டங்கள் பலவற்றில் இந்தத் தெளிவு இல்லை.

நாடு விடுதலை பெற்றபோது கணக்கு 14-இல் நின்றது. ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்தவை நான்கே அரசு மருத்துவக் கல்லூரிகள், மொத்தம் 330 இடங்கள். அவற்றில் 17 வெளி மாநிலத்தவருக்கு. 12 அரசு தன் விருப்பப்படி தருவதற்கு. சமூகக் கணக்கை ஆதரித்தும் எதிர்த்தும் மலைமலையாக எழுதியிருக்கிறார்கள். அந்த 12 இடங்களைப் பற்றி எழுதியவர் குறைவு.

1950 ஜூன் 7 அன்று செண்பகம் துரைராஜன் உயர் நீதிமன்றத்தை நாடினார். தன் சமூகத்தின் காரணமாக மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று விசாரித்து அறிந்ததாக மனுவில் சொன்னார். பொறியியல் இடம் கேட்ட சீனிவாசன் என்பவரின் மனுவும் சேர்ந்தே விசாரிக்கப்பட்டது. அவர் பக்கம் வாதாடியவர் அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி அய்யர். ஜூலை 27-இல் உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றமும் அரசாணை செல்லாது என்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் சிறு குறிப்பாக ஒரு விஷயம் வருகிறது: செண்பகம் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. அரசுத் தரப்பு அதை ஆட்சேபணையாக எழுப்பாததால் நீதிமன்றமும் மேலே போய்விட்டது. தமிழகச் சேர்க்கை வரலாற்றின் தலையாய வழக்கு விண்ணப்பப் படிவம் இல்லாமல் நடந்த வழக்கு. தீர்ப்பை எதிர்த்துத் தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியும் பெரியாரின் பிரசாரமும் தில்லிவரை எட்டின. 1951 ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. ஒதுக்கீடு புதிய அடித்தளத்தில் நின்றது.

அடுத்து வந்த கோல் மாவட்டம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மக்கள்தொகைப்படி இடங்களைப் பங்கிட அரசு விதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் அரசு சொன்ன காரணம் இந்தப் பேட்டைக்கு நேராகப் பொருந்தும்: அப்படிப் பங்கிடாவிட்டால் சென்னை நகரத்துப் பிள்ளைகள் தங்கள் மக்கள்தொகைக்கு மிஞ்சிய இடங்களை அள்ளிக்கொண்டு போவார்கள். 1968-இல் ராஜேந்திரன் வழக்கில் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. தள்ளியது விதியைத்தான்; காரணம் பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. 1970-இல் பெரியகருப்பன் வழக்கு வந்தது. கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்து, அலகுக்கு ஒரு குழு வைத்து, நேர்காணலுக்கு 75 மார்க் தந்த காலம் அது. விளையாட்டு, உடல்திறன், பொதுத் திறன் என்று பல தலைப்புகள் இருந்தும், எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்று குழுக்கள் பிரித்துப் போடவில்லை. அலகுமுறை செல்லாது என்று தீர்ப்பானது. நேர்காணல் உள்ளவரை சிபாரிசுக் கடிதத்துக்கும் வேலை இருந்தது என்பதைப் பழைய தலைமுறையிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. பிளஸ் டூவிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, ஆக 300. மனிதர் கையிலிருந்து தேர்வு எண்ணின் கைக்கு மாறியது. டியூஷன் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மார்க் போதாதவர்கள் ஓராண்டு வீட்டிலிருந்து மீண்டும் பிளஸ் டூ எழுதினார்கள். ‘இம்ப்ரூவ்மென்ட் போட்டிருக்கான்’ என்பது அக்காலத்தில் உறவினரிடம் தணிந்த குரலில் சொல்லப்படும் செய்தி.

அக்காலத்துக் கலந்தாய்வு நாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ரேங்க் வரிசைப்படி அழைப்பு. மாணவரோடு பெற்றோரும் மண்டபத்தில். முன்னால் பெரிய திரையில் கல்லூரி வாரியாக ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று மீதி இடங்கள். சென்னை மருத்துவக் கல்லூரி (எம்.எம்.சி.) கட்டத்தில் எண் பூஜ்யமாகும்போது கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. அப்பாக்களின் மடியில் பிளாஸ்டிக் ஃபைல்: மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ். கட்-ஆஃப் சமமாக இருந்து, பிறந்த தேதியும் ஒத்துப்போனால், கணினி தந்த ரேண்டம் எண் யார் முந்தி என்று சொல்லும். 1970-இல் குழுவின் தலைவர் முகம் பார்த்து மார்க் போட்ட இடத்தில் ரேண்டம் எண் வந்தது. இதைவிட நேர்மையான முறை இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். இதைவிட இரக்கமற்ற முறையும் இருக்க முடியாது.

நுழைவுத் தேர்வு நகரத்துக்கு உதவுகிறது, கிராமத்தை ஒதுக்குகிறது என்ற குற்றச்சாட்டு வலுத்தது. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையின் பேரில் அதை நீக்கும் சட்டம் 2006-இல் நிறைவேறி, 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அந்த ஆண்டிலிருந்து பிளஸ் டூ மார்க் மட்டும்: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இதன் பலன் எதிர்பார்த்தபடி முழுதும் கிராமத்துக்குப் போகவில்லை. நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே அரைத்தன. சென்னைக் குடும்பங்களே பிள்ளைகளை அங்கே அனுப்பின. கால் மார்க்கில் கல்லூரி மாறிய ஆண்டுகள் அவை.

நீட் வரலாறு அண்மையது. விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தேர்வு, 2016-இல் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டதால் உயிர்பெற்றது. தமிழகத்துக்கு ஓராண்டு விலக்கு; 2017 முதல் கட்டாயம். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176, பழைய கணக்கில் கட்-ஆஃப் 196.75, நீட்டில் 720-க்கு 86. அந்த ஆண்டு செப்டம்பர் 1-இல் அவர் மறைந்தபோது இரண்டு அளவுகோல்களின் இடைவெளி ஒரு பெண்ணின் பெயராயிற்று. 2018-இல் வினாத்தாளின் தமிழாக்கத்தில் 49 கேள்விகளில் பிழை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

என் வாதத்துக்கு நேரான சான்று, நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கை. 2016-17-இல் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த ரிப்பீட்டர்கள் 2020-21-இல் 71 சதவீதம் ஆனார்கள். பிளஸ் டூ முடித்த பின் ஓராண்டு, சிலருக்கு ஈராண்டு, சம்பாத்தியம் இல்லாமல், கோச்சிங் கட்டணம் கட்டி, வீட்டில் இருக்க முடிகிற பிள்ளைக்குத்தான் இந்தக் கோல் வசதி. 2020-இல் கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்தது. முதல் ஆண்டிலேயே 400 பேர் அளவுக்கு மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் பெற்றார்கள். பலருடைய கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்றது. நடேசனாரின் விடுதி வழிக்கு அரசு திரும்பி வர நூறாண்டு பிடித்திருக்கிறது.

நீட் விலக்கு கோரும் 2021 மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2006 சட்டம் ஏட்டில் இருக்கிறது. பொறியியல் சேர்க்கை இன்றும் அதன்படிதான். தியாகராய நகரில் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மார்ச்சில் இயற்பியல் எழுதும் இருவரில், அண்ணா பல்கலைக்கழகம் போக நினைப்பவருக்கு ஒவ்வொரு மார்க்கும் கட்-ஆஃபில் ஏறும். எம்.பி.பி.எஸ். கேட்பவர் அறிவியல் பாடங்களில் மொத்தமாகப் பாதி எடுத்தால் போதும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம். நீட் நடக்கும் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் வேறு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார்.