இழுவைத் தூண்டில்

ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்து வேட்டை மீன்களைப் பிடிக்கும் முறை. மாங்கேணி, வாகரை உள்ளிட்ட கிழக்கிலங்கைக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்களே இதற்குத் தோதானவை. அறக்குளா, பாரை, சீலா ஆகியவை ஓடும் இரையைத் துரத்துபவை. அறக்குளாவின் பல் தங்கூசி எனும் தூண்டில் நரம்பை எளிதில் அறுத்துவிடும். அதனால் தூண்டில் முள்ளுக்கு மேல் ஒரு துண்டுக் கம்பி கட்டுவது நல்லது.

வட அமெரிக்க நன்னீர் ஏரிகளில் மஸ்கி என்னும் வேட்டை மீனுக்கு இதன் வேறொரு வடிவம் உண்டு. படகின் நிழலும் இரைச்சலும் மீனை விலக்குவதால், சாய்வாக வெட்டிய முனையுள்ள மிதவைப் பலகையொன்றை நரம்பில் மாட்டுவர். நீரின் அழுத்தம் அதைப் பட்டம்போல் பக்கவாட்டில் தள்ளிச் செல்லும். மீன் கவ்வினால் பலகை பின்னுக்கு இழுபடும். ஆனால் கிழக்கிலங்கையில் வலைகள் நெருங்கிக் கிடக்கும் களப்பில் இப்படிப் பலகைகளை இருபுறமும் விரித்து ஓடினால் அகப்படுவது வலைதான்.

மஸ்கிக்கு இடும் இரை சக்கர் என்னும் உயிருள்ள மீன் என்றால் நடைவேகத்திலும் மெதுவாகவே ஓடவேண்டும். வேகம் கூடினால் அது சோர்ந்து செத்துவிடும். மஸ்கி இரையை விழுங்கும்வரை காத்திருப்பது பழைய வழக்கம். முள் வயிற்றில் தைத்து, விடுவித்த மீனும் இறந்ததால், இரு மும்முனை முட்களை இரையின் உடலில் பொருத்தி, கவ்வியவுடன் சுண்டும் முறை பரவியது.