வெள்ளியும் காசும்: மலாக்காத் தமிழரின் விலைச் சொற்கள்

மலேசியத் தமிழர் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றும், அதன் நூற்றில் ஒரு பங்கைக் 'காசு' என்றும் வழங்குவர். இவற்றைப் பேச்சு வழக்கெனக் கருதி எழுத்தில் விலக்குவோர் உளர். இச்சொற்களின் வரலாற்றை மலாக்காவை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

1826இல் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாயிற்று. இந்திய ஆட்சியின்கீழ் இருந்தமையால் அரசுக் கணக்கு ரூபாயில் அமைந்தது. சந்தையிலோ ஸ்பானிய, மெக்சிக வெள்ளி நாணயங்களே செல்வாக்குப் பெற்றிருந்தன. 1867இல் டாலர் சட்டமுறை நாணயமாயிற்று. இந்நாணயத்தின் பல்வரிசை போன்ற விளிம்பைக் கண்டு மலாய்க்காரர் 'ரிங்கிட்' என்றனர். தமிழரோ அதன் உலோகத்தால் 'வெள்ளி' என்றனர். ஒரே நாணயத்திற்கு இரு மொழியினர் இட்ட இரு காரணப்பெயர்கள் இவை. 'ரூபாய்' என்பதன் மூலமான வடசொல்லும் வெள்ளியையே சுட்டுவது ஈண்டு நினைக்கத்தக்கது.

'காசு' சோழர் கல்வெட்டுகளில் பயிலும் பழஞ்சொல். 1818க்கு முன் சென்னை மாநில நாணய முறையில் 80 காசு ஒரு பணமாகக் கணக்கிடப்பட்டது. கடல் கடந்த தமிழர் தாம் அறிந்த சிறு நாணயத்தின் பெயரைப் புதிய அலகிற்குச் சூட்டினர் எனலாம்.

கொடுத்தலும் நிகழ்ந்தது. மலாயில் வழங்கும் 'கெடாய்', 'மோடால்' ஆகியவை முறையே 'கடை', 'முதல்' என்னும் தமிழ்ச் சொற்களின் திரிபுகள். மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளின் நாவிலும் இவை வழங்குகின்றன.

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் திரண்டனர். 1906இல் டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்சாக நிறுத்தப்பட்டமையால், வெள்ளி உலோகத்தின் சந்தை விலையோடு அதற்கிருந்த தொடர்பு அற்றது. பெயர் மட்டும் நிலைத்தது. தோட்டத்தில் மனித உழைப்பும் இச்சொற்களாலேயே அளக்கப்பட்டது. வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணி பெற்ற தொகை 'தலைக்காசு' எனப்பட்டது. பொருளாதார மந்தத்தின்போது, 1930இல், மலாயாவின் சில மாவட்டங்களுக்கு வகுக்கப்பட்டிருந்த நாட்கூலி ஆணுக்கு 50 காசிலிருந்து 40 ஆகவும், பெண்ணுக்கு 40இலிருந்து 32 ஆகவும் குறைக்கப்பட்டது. 'காசு' என்னும் எளிய சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் அரிசியும் உப்பும் அடங்கியிருந்தன.

ரிங்கிட், சென் என்பன நாட்டின் நாணயத்திற்கு அதிகாரப்பூர்வப் பெயர்களானது 1975இல்தான். எனவே, அதற்கு முற்பட்ட தோட்ட நினைவுகளையும் கதைகளையும் பதிப்பிப்போர் 'வெள்ளி'யை 'ரிங்கிட்' எனத் திருத்துவது காலவழு ஆகும். இன்றைய ஆவணங்களில் ரிங்கிட் இருக்கட்டும். மாணவர் கட்டுரையில் 'ஐந்து வெள்ளி' என எழுதினால், ஆசிரியர் சிவப்பு மையை எடுக்குமுன் அச்சொல் கடந்துவந்த தொலைவை எண்ணுதல் வேண்டும். கிழமையையும் கோளையும் குறிக்கும் அச்சொல், இம்மண்ணில் கூலியையும் குறித்தது என்பதை வகுப்பறையில் விளக்குவது, திருத்துவதினும் பயனுடையது.