கழிவுநீர்: ஒரு சொல்லின் வரலாறு



செம்பனை ஆலைக்கும் இரப்பர் ஆலைக்கும் பின்னால் ஓடும் கால்வாயைத் தோட்டத்தில் வாழும் நாம் நன்கு அறிவோம். பழுப்பு நிறம், மூக்கைப் பொத்தச் செய்யும் நாற்றம். அந்த நீரை ஆலையில் 'எஃப்லுவெண்ட்' என்பார்கள். மலாய் மொழியும் இச்சொல்லை எடுத்துக்கொண்டது. தமிழில் நாம் கழிவுநீர் என்கிறோம். இந்த 'எஃப்லுவெண்ட்' எங்கே பிறந்தது, எப்படிப் பொருள் மாறியது என்று இன்று பார்ப்போம்.

இதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'ஃப்ளூவெரெ' என்றால் பாய்தல். இரண்டும் சேர்ந்தால் 'வெளியே பாய்வது' என்றே பொருள். அழுக்கு என்ற கருத்து இதில் இல்லை. ஏரியிலிருந்து பிரிந்து செல்லும் ஆற்றையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறித்தார்கள். நல்ல தண்ணீரின் பெயர் சாக்கடைக்குப் போனது எப்படி?

19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நகரங்களும் ஆலைகளும் பெருகின. அவற்றின் கழிவெல்லாம் ஆறுகளில் விழுந்தது. 1858 ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திணறியது. 1898 இல் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஆற்றில் விடும் கழிவுநீர் எவ்வளவு தூய்மையாக இருக்கவேண்டும் என்பதற்கு 1912 இல் அக்குழு ஓர் அளவு சொன்னது. 'வெளியே பாய்வது' என்ற சொல் இப்படித்தான் 'வெளியே விடப்படும் கழிவு' என்ற பொருளில் நிலைபெற்றது.

அக்குழு கையாண்ட அளவுகளில் ஒன்று பிராணவாயுவைக் கொண்டு கணக்கிடுவது. கழிவை நுண்கிருமிகள் தின்னும்போது, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல ஆற்று நீரில் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயுதான் இருக்கும். செம்பனை ஆலையிலிருந்து சுத்திகரிக்கப்படாமல் வரும் ஒரு லிட்டர் கழிவுநீரோ ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் கேட்கிறது! அதாவது, சுமார் 3,000 லிட்டர் நல்ல நீரின் பிராணவாயுவை அது விழுங்கிவிடும். அப்போது ஆற்று மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

1970 களில் மலேசிய ஆறுகளைக் கெடுத்தவற்றுள் இவ்விரு வகை ஆலைகளின் கழிவுநீரே முன்னிலையில் நின்றது. குழாய்நீர் வராத லயங்களில் குளிப்பதும் துவைப்பதும் ஆற்றில்தான். ஆலையின் இலாபம் ஒருவருக்கு. அதன் அழுக்கு ஆற்றோரத்துப் பிள்ளைகளுக்கு என்றிருந்தது.

1974 இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977 இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978 இல் இரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் பிறந்தன. செம்பனை ஆலைகளுக்கு 1978 இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு, படிப்படியாகக் குறைந்து 1984 இல் 100 ஆயிற்று. ஆலைகளை அடுத்து வரிசையாக வெட்டப்பட்ட குளங்கள் இதற்காகவே. அங்கே கிருமிகள் கழிவைத் தின்று தீர்த்தபின்புதான் நீரை ஆற்றில் விடலாம்.

இனி நம் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'கழி' என்றால் நீக்கு. பள்ளியில் பிள்ளைகள் போடும் கழித்தல் கணக்கிலும் இதே சொல்தான். ஆனால் ஓர் ஆலை தன் கணக்கில் கழித்த அழுக்கு மறைந்து போவதில்லை. ஆற்றின் கீழ்ப்புறத்தில் வாழ்பவர் கணக்கில் அது கூட்டலாகச் சேர்கிறது.

நம் முன்னோரிடம் 'கழுநீர்' என்ற சொல்லும் உண்டு. பேச்சில் கழனித்தண்ணி என்போம். அரிசி களைந்த நீரை வீணாக்காமல் மாட்டுக்கு வைத்தார்கள். இன்று சில ஆலைகள் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் செய்கின்றன. குளத்து வண்டலைச் செம்பனைக்கு உரமாக இடுகின்றன. இதுவும் அந்தக் கழுநீர்ப் பானையின் அறிவுதான்.

ஆகவே நேயர்களே, கால்வாயில் பழுப்பு நீரைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். 'வெளியே பாய்கிறதே, யார் வீட்டுப் பக்கம் போகிறது?' என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுங்கள்.