ரிசல்ட் நாளில் வெப்சைட் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு? சர்வரில் நடப்பது என்ன?

பிளஸ் 2 ரிசல்ட் வெளியாகும் காலை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கத்தில் ஒரு மாணவி மொபைலில் பதிவெண்ணைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டம் சுத்துது, பக்கம் திறக்கலை. 2025 மே 8-ம் தேதி வந்த ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர்கள் சுமார் 7.92 லட்சம் மாணவர்கள். அப்பா, அம்மா, சித்தி, மாமா எல்லாம் தனிக்கணக்கு.

இதுபோன்ற நேரத்தில் லினக்ஸ் சர்வரைக் கவனிப்பவர்கள் முதலில் திறப்பது, எழுத்துகள் மட்டும் ஓடும் டெர்மினல் திரை. அதில் 'எஸ்எஸ்' என்ற கமாண்டைத் தட்டினால், அந்த நொடியில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று தெரியும். பழைய ஆட்கள் 'நெட்ஸ்டாட்' பயன்படுத்துவார்கள்.

எதைப் பார்க்க வேண்டும்?

எண்ணிக்கையை விட நிலைதான் முக்கியம். 'எஸ்டாப்' என்றால் இணைப்பு முழுசா கிடைத்துவிட்டது. 'டைம்-வெயிட்' என்றால் பேச்சு முடிந்தது. லினக்ஸ் 60 நொடி காத்திருந்து அதை மூடும். இது ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். 'சின்-ரிசீவ்' குவிந்தால்தான் சிக்கல். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராத இணைப்புகள் அவை. தாக்குதலின் அடையாளமாக இருக்கலாம்.

ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து கமாண்ட் தட்ட முடியாது. அதனால் 5 நொடிக்கு ஒருமுறை இதே கணக்கை எடுத்து, நேரத்தோடு ஃபைலில் எழுதி, அளவு தாண்டினால் எச்சரிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிடுவார்கள். பத்து வரிகூட வராது.

ஆபத்து எங்கே?

'ஒரே ஐபி முகவரியிலிருந்து 100 இணைப்புக்கு மேல் வந்தால் பிளாக் செய்' என்று கூடுதலாக ஒரு வரி சேர்ப்பவர்கள் உண்டு. கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனால் மொபைல் நெட்வொர்க்குகளில் ஒரே ஐபி முகவரியை ஏராளமான சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். சர்வர் கண்ணுக்கு அவர்கள் எல்லாரும் ஒரே ஆள்! அந்த ஒரு வரியால் ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகளே மொத்தமாக வெளியே நிற்பார்கள். மாணவியோ நெட் ஸ்லோ என்று நினைத்துக்கொள்வார்.

அதனால் ஸ்கிரிப்ட் எச்சரிக்கை மட்டும் கொடுக்கட்டும். பிளாக் செய்வதற்கு முன், அந்த முகவரியிலிருந்து வருபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஆக்சஸ் லாகை ஒரு மனிதர் பார்ப்பதே நல்லது. வெவ்வேறு போன், வெவ்வேறு பிரவுசர் என்று கலந்து வந்தால் அது கூட்டம்தான்.

வட்டம் சுத்தும்போது நீங்கள் ரெஃப்ரெஷ் அடித்துக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் புது வேலைதான் சேரும். பள்ளியில் கொடுத்த மொபைல் எண்ணுக்கு எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.