ஒரு பெட்டி அச்சுகளும் ஒரு மாதிரித் தாளும்

என் அக்காவுக்குக் காகிதக் கைவினை என்றால் உயிர். வீட்டில் ஒரு அறையின் பாதியை அவளுடைய மேசையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அத்தை மகளின் நிச்சயதார்த்தத்துக்கு 40 அழைப்பு அட்டைகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டாள். 32 முடிந்தது. மீதி 8 அட்டைகளை மறுநாள் செய்யலாம் என்று எடுத்து வைத்தாள். மறுநாள் பார்த்தால் அந்தக் கொடிப்பூ வடிவத்தின் அச்சைக் காணோம்! வீட்டையே புரட்டிப் போட்டோம், கிடைக்கவில்லை. கடைசி 8 அட்டைகளுக்கு வேறு வடிவம்தான் போட்டாள். அத்தையின் கண்ணுக்கு அது தப்பவில்லை. "எங்க பக்கத்து சொந்தக்காரங்களுக்கு மட்டும் மிச்சம் மீதியா?" என்று கேட்டுவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அந்த அச்சு கிடைத்தது. அதே பெட்டியின் அடியில்தான் இருந்தது, மேலே இருந்த சாமான்களின் பாரத்தில் வளைந்து போய்! நாங்கள் அந்தப் பெட்டியை மூன்று முறை பார்த்திருந்தோம். எல்லாமே ஒரே மாதிரி தெரிந்ததால் கண்ணில் படவில்லை.

"நீதான் வரலாறு படிக்கிறியே, இதையெல்லாம் ஒழுங்கா அடுக்கிக் கொடு" என்று வேலையை என் தலையில் கட்டினாள். இதற்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சிரித்தேன். தேடிப் படித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நிறைய சம்பந்தம் இருக்கிறது.

முதலில், இது என்ன பொருள்?

எம்போசிங் ஃபோல்டர் என்பது புத்தக அட்டை போல ஒரு ஓரத்தில் இணைந்த இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். ஒன்றில் வடிவம் மேடாக இருக்கும். மற்றதில் அதே வடிவம் பள்ளமாக இருக்கும். நடுவில் காகிதத்தை வைத்து, கையால் சுற்றும் உருளை இயந்திரத்தில் கொடுத்தால், அழுத்தத்தில் காகிதம் அந்த வடிவத்துக்குப் புடைத்துக்கொள்ளும். மை கிடையாது, சாயம் கிடையாது. வாழ்த்து அட்டைக்கென்று வருபவை பெரும்பாலும் ஏறக்குறைய 4¼ அங்குல அகலம், 5¾ அங்குல நீளம். 2000-களின் நடுவில் வீட்டு மேசையில் வைக்கும் சிறிய உருளை இயந்திரங்கள் பரவியபோது இவையும் வீடுகளுக்குள் வந்து குவிந்தன.

சிக்கல் என்னவென்றால், பாதிக்கு மேல் கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக். வடிவத்துக்கு நிறம் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் பூவா, புள்ளியா, செங்கல் சுவரா என்று தெரியும். நூறு அச்சு வைத்திருப்பவருக்கு அவற்றை வாங்குவதை விடத் தேடி எடுப்பதுதான் பெரிய வேலை.

மேடும் பள்ளமும் ஜோடியாக இருக்கும் இந்தச் சங்கதி, நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவின் அச்சுக்கூடங்களிலும் இருந்தது. அவர்களுக்கும் இதே தலைவலிதான்.

எஃகும் செம்பும்

அந்தக் காலத்தில் ஒரு எழுத்தை அச்சிட வேண்டுமென்றால், முதலில் ஒரு எஃகுத் துண்டின் முனையில் அந்த எழுத்தைத் தலைகீழ்ப் பிம்பமாக, மேடாகச் செதுக்குவார்கள். இதற்கு பஞ்ச் என்று பெயர். அதைப் பதப்படுத்திக் கெட்டியாக்கி, ஒரு செப்புத் துண்டின் மேல் வைத்து அடிப்பார்கள். செம்பில் எழுத்து பள்ளமாக விழும். அதுதான் தாய் அச்சு. அந்தத் தாய் அச்சை ஒரு வார்ப்புக் கருவியில் பொருத்தி, ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றினால் அச்சுக்கோர்க்கும் எழுத்து கிடைக்கும்.

ஈய எழுத்து தேய்ந்தால் உருக்கி மறுபடி வார்த்துக்கொள்ளலாம். தாய் அச்சு தொலைந்தால்? பஞ்ச் இருந்தால் இன்னொன்று அடிக்கலாம். பஞ்சும் தொலைந்தால் அந்த எழுத்தின் கதை முடிந்தது. செதுக்கிய கைவினைஞர் உயிரோடு இருந்தால் மட்டுமே திரும்பக் கிடைக்கும். ஆகவே ஓர் அச்சகத்தின் உண்மையான சொத்து இந்தச் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள்தான். இவற்றைக் காப்பாற்றி வைத்ததில் முதலிடம் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்தில் இருந்த ஓர் அச்சகத்துக்கு.

கையில் பட்ட காயம்

கிறிஸ்டோஃப் பிளான்டின் பிரான்சில் சுமார் 1520-ல் பிறந்தவர். 1549 வாக்கில் ஆண்ட்வெர்ப்புக்குக் குடிவந்தார். அப்போது அவர் அச்சுக்காரர் இல்லை. புத்தகம் கட்டுபவர், தோல் வேலை செய்பவர். தோல் அட்டையில் சூடான கருவிகளை அழுத்தி அலங்காரம் பதிப்பதில் கெட்டிக்காரர். ஒரு விதத்தில் என் அக்காவின் முன்னோடி! ஒருநாள் இரவு, வேறு யாரோ என்று நினைத்து அவரைக் குத்திவிட்டார்கள். தோள் காயத்தால் பழைய வேலையைச் செய்ய முடியவில்லை. 1555-ல் அச்சுத் தொழிலில் இறங்கினார்.

எழுத்துகளைச் சேர்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்துச் செதுக்குநர் கிளோட் கரமோன் 1561-ல் இறந்து, அவருடைய பொருட்கள் விற்பனைக்கு வந்தபோது, அவற்றில் ஒரு பகுதியை வாங்கினார். ராபர்ட் கிரான்ஜோன் அவருக்காக எழுத்து செதுக்கினார். கென்ட் நகரத்து ஹென்ரிக் வான் டென் கீரே 1580-ல் இறந்ததும் அவருடைய பஞ்சுகளும் தாய் அச்சுகளும் பிளான்டினிடம் வந்து சேர்ந்தன. 1568-க்கும் 1573-க்கும் இடையில் எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், அரமேயம், சிரியாக் என்று ஐந்து மொழிகளில் எட்டுத் தொகுதி பைபிளை அச்சிடும் அளவுக்கு அவரிடம் எழுத்து வளம் இருந்தது.

ஆனால் என் கவனத்தை இழுத்தது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, அவருடைய அச்சகம் தன்னிடம் உள்ள அச்சுகளுக்கு அவ்வப்போது பட்டியல் எழுதி வைத்தது. இரண்டு, 1567-ல் தன்னிடம் இருந்த எழுத்துவகைகளை வரிசையாக அச்சிட்டு ஒரு மாதிரிப் புத்தகம் வெளியிட்டார். எந்த அச்சு எப்படி விழும் என்று உலோகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. காகிதத்தில் பார்த்தால் உடனே தெரியும்.

1576 நவம்பரில் ஸ்பானியப் படைவீரர்கள் ஆண்ட்வெர்ப்பைச் சூறையாடியபோது, பிளான்டின் பலமுறை மீட்புப் பணம் கொடுத்துத்தான் அச்சகத்தைக் காப்பாற்றினார். 1589-ல் அவர் இறந்த பின் மருமகன் யான் மொரேட்டஸ் பொறுப்பேற்றார். அச்சகத்தைப் பங்கு போட்டுப் பிரிக்காமல் முழுதாகவே அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது என்று அந்தக் குடும்பம் வழக்கமாக வைத்துக்கொண்டது. 1876-ல் எட்வர்ட் மொரேட்டஸ் அதை ஆண்ட்வெர்ப் நகரத்துக்கு விற்றார். 1877-ல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. 1945 ஜனவரி 2-ம் தேதி எதிரே இருந்த சதுக்கத்தில் ஜெர்மன் குண்டு விழுந்து கட்டிடம் சேதமானது. பழுது பார்த்து 1951-ல் மறுபடி திறந்தார்கள். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பஞ்சுகளும் தாய் அச்சுகளும் இன்றும் அங்கே இருக்கின்றன.

பெயர் மாறிய அச்சுகள்

"பத்திரமாக வைத்தால் போதாதா, பட்டியலும் மாதிரியும் எதற்கு?" என்று கேட்கலாம். பாரிஸில் நடந்ததைப் பாருங்கள்.

பிரெஞ்சு அரசு அச்சகத்திடம் ஒரு பழைய எழுத்துத் தொகுதி இருந்தது. பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் யார் செதுக்கியது என்ற குறிப்பு மறந்து போயிற்று. அழகாக இருக்கிறது, பழையதாகவும் இருக்கிறது, ஆகவே கரமோன் செய்ததுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல எழுத்து நிறுவனங்கள் அதைப் பார்த்துப் புதிய எழுத்துருக்கள் செய்து, கரமோன் பெயரையே வைத்தன.

1926-ல் பியட்ரிஸ் வார்ட் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர், பால் போஜோன் என்ற ஆண் பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். அந்த எழுத்துகள் கரமோனுடையவை அல்ல. செடான் நகரத்து அச்சுக்காரர் ஜான் ஜனோன் செய்தவை என்று நிரூபித்தார். ஜனோன் பிறந்ததே 1580-ல், அதாவது கரமோன் இறந்து 19 ஆண்டுகள் கழித்து! வார்டுக்குக் கிடைத்த சாட்சி என்ன தெரியுமா? 1621-ல் ஜனோன் அச்சிட்ட மாதிரிப் புத்தகம். முந்நூறு ஆண்டு பழைய மாதிரித் தாள்கள் ஒரு தவறான பெயரைத் திருத்தின.

ஆனாலும் ஒட்டிய பெயர் ஒட்டியதுதான். மோனோடைப் நிறுவனம் 1922-ல் வெளியிட்ட எழுத்துரு ஜனோனின் எழுத்தைப் பின்பற்றியது. பிற்பாடு மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் மென்பொருளோடு பல கணினிகளுக்கும் போனது அதன் கணினி வடிவம்தான். பட்டியலில் நாம் பார்க்கும் பெயர் என்னவோ கேரமண்ட்! செய்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர்.

மறுபடி ஆண்ட்வெர்ப்

ஆண்ட்வெர்ப்பிலும் அச்சுகள் இருந்தனவே தவிர, எது யாருடையது என்பது பல இடங்களில் குழம்பிப் போயிருந்தது. 1950-களில் இங்கிலாந்தின் ஹாரி கார்ட்டர், பெல்ஜியத்தின் ஹென்ட்ரிக் வெர்ஃப்ளீட், அமெரிக்காவின் மைக் பார்க்கர் ஆகியோர் உட்கார்ந்து அவற்றைத் தரம் பிரித்தார்கள். பிளான்டின் காலத்துப் பட்டியல்களையும், பழைய மாதிரித் தாள்களையும், உலோகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அடையாளங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

பலன் என்ன? 1988-ல் ராபர்ட் ஸ்லிம்பாக் அங்கே போய் கரமோனின் உண்மையான எழுத்துகளைப் பார்த்து வந்து, 1989-ல் அடோபி நிறுவனத்துக்காக எழுத்துரு வெளியிட முடிந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கணக்குப்பிள்ளை சலிக்காமல் எழுதி வைத்த பட்டியல் அதற்கு வழி வகுத்தது.

நம் பக்கத்தில்

இதைப் படித்தபோது நம் தமிழ் எழுத்து நினைவுக்கு வந்தது. பிளான்டின் வாழ்ந்த அதே காலத்தில், 1577-ல் கோவாவிலும் 1578-ல் கொல்லத்திலும் தமிழுக்கு ஈய எழுத்துகள் வார்த்தார்கள். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அந்தத் தாய் அச்சுகளைக் காட்ட நம்மிடம் ஓர் ஆண்ட்வெர்ப் இல்லை. ஆனால் அந்தச் சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கோவாவில் செய்த எழுத்து இது, கொல்லத்தில் செய்த எழுத்து இது என்று ஆண்டோடு இரண்டுக்கும் மாதிரி அச்சிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் அதன் பிரதி இருக்கிறது. அச்சு போனாலும் அந்த ஒரு பக்கம் இருப்பதால்தான் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது.

அக்காவின் அலமாரி

இவ்வளவும் படித்துவிட்டு வேலையில் இறங்கினேன். அச்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வைத்தேன். பாரம் ஏறினாலும் சூடு பட்டாலும் பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்பதால் ஜன்னலோர வெயிலிலிருந்து தள்ளி வைத்தேன். பூ, கொடி, கோடு, கட்டம், எழுத்து என்று வகை பிரித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் எண் ஒட்டினேன்.

பிறகு முக்கியமான வேலை. ஒவ்வொரு அச்சிலும் ஒரு துண்டு அட்டையை அழுத்தி எடுத்து, பின்னால் அதே எண்ணை எழுதி, ஒரு வளையத்தில் கோத்தேன். மேட்டில் பென்சிலை லேசாகத் தேய்த்ததும் வடிவம் பளிச்சென்று தெரிந்தது. மொத்தம் 63. இரண்டு வடிவங்கள் இரட்டிப்பாக இருந்தன. எந்தெந்த அட்டைக்கு எதைப் பயன்படுத்தினோம் என்று எழுத ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். முதல் வரியில் கொடிப்பூ, எண் 17, நிச்சயதார்த்தம், 32 அட்டை.

வளைந்த அந்த அச்சில் எடுத்த மாதிரியில் ஒரு மூலை சரியாக விழவில்லை. அதையும் அப்படியே கோத்து வைத்திருக்கிறேன். போன வாரம் அத்தை வந்திருந்தார். அக்கா அந்த வளையத்தைக் கையில் கொடுத்து, "கல்யாணத்துக்கு எது வேணுமோ நீங்களே பாத்து எடுங்க" என்றாள். அத்தை நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். எண் 41. அலமாரியில் கையை வைத்ததும் வந்துவிட்டது.