இலையான் இழந்த சிறகுகள்

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கனியும் காலத்தில், யாழ்ப்பாணத்து வீடுகளிலே பழக்கூடையைச் சுற்றிச் சின்னஞ்சிறு பழ இலையான்கள் மொய்க்கின்றன. கள்ளு முட்டியையும் அவை விடுவதில்லை. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சிறகுகள் நான்கு, இலையானுக்கோ இரண்டே. பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில், குண்டூசியைப் போன்ற இரு சிற்றுறுப்புகள் உள்ளன. பறக்கும்போது உடல் நிலைகுலையாமல் காப்பவை இவையே. சிறகு இவ்வாறு குறுகியது எங்ஙனம்?

1915 ஆம் ஆண்டில், நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்வின் பிரிட்ஜஸ் என்பார், இச்சிற்றுறுப்பு சிறகின் சாயல் பெற்ற பழ இலையான் ஒன்றைக் கண்டார். அவ்விகாரத்தைப் பின்னர் நெடுங்காலம் ஆராய்ந்தவர் கலிபோர்னியாவின் எட்வர்ட் லூயிஸ். விகாரங்கள் சிலவற்றை ஒன்றுசேர்த்து, நான்கு சிறகு கொண்ட இலையானையே அவர் உருவாக்கினார். அல்ட்ராபைதோராக்ஸ் எனும் பரம்பரையலகு அவ்விடத்தில் தொழிற்படாதொழியின், சிற்றுறுப்புச் சிறகாகிவிடும் என்பது தெளிவாயிற்று. நாற்சிறகு முன்னோரிடம் இல்லாத புதிய பரம்பரையலகுகள் சேர்ந்தமையால் இலையான் பின்சிறகை இழந்திருக்கலாம் என 1978 இல் அவர் கருதினார். 1995 இல் வேறிருவருடன் நோபல் பரிசையும் பெற்றார்.

ஆனால் 1994 இலேயே அக்கருத்து ஆட்டங்கண்டிருந்தது. அமெரிக்க அறிஞர் ஷோன் கரோலின் குழுவினர், வண்ணத்துப்பூச்சியின் அகன்ற பின்சிறகிலும் அதே பரம்பரையலகு தொழிற்படக் கண்டனர். நம் மாப்பானையிற் காணும் சிறு செவ்வண்டு இன்னும் வியப்பூட்டியது. அதன் முன்சிறகு வன்மையான ஓடு. பறக்க உதவுவது மெல்லிய பின்சிறகே. அப்பரம்பரையலகை அடக்கியபோது, பின்சிறகும் ஓடாக மாறிற்று என்பது 2005 இல் வெளியான ஆய்வின் முடிபு.

பழைய பரம்பரையலகு எங்கும் இருக்க, வேறுபடுவது யாது? ஐதராபாத்திலும் பின்னர் புனேயிலும் எல். எஸ். சசிதராவின் குழுவினர் இவ்வினாவை ஆராய்ந்தனர். தேனீயையும் பட்டுப்பூச்சியையும் பழ இலையானையும் ஒப்பிட்ட அவர்தம் ஆய்வு 2016 இல் வெளிவந்தது. சிறகை வகுக்கும் பரம்பரையலகுகள் பலவற்றை அல்ட்ராபைதோராக்ஸ் தேனீயிலும் பற்றுகிறது. ஆயினும் அவை முன்சிறகில் ஒருவாறும் பின்னுறுப்பில் வேறொருவாறும் தொழிற்படுவது இலையானிலேயே.

முன்னாளில் விதானையாரின் அறிவித்தல் ஒன்றாயிருக்க, ஊருக்கோர் வகையாய் அது நிறைவேறியதை இங்கு ஒப்பிடலாம். புதிய உருவம் தோன்றப் புதிய பரம்பரையலகு வேண்டுமென்பதில்லை; பழைய கட்டளையை ஏற்கும் முறை மாறினும் போதும். மாம்பழத்தில் அமரும் இலையானின் முதுகிலே இவ்வரலாறு எழுதப்பட்டிருக்கிறது.