பார்வையும் நகலும்: பியாவர் தர்ணாவின் ஒரு கோரிக்கை

1996 ஏப்ரல் 6 அன்று ராஜஸ்தானின் பியாவர் நகரில், சாங் கேட் அருகே, மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயி அமைப்பு, ஊராட்சிப் பதிவேடுகளைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை கேட்டுத் தர்ணாவில் அமர்ந்தது. அன்றைக்கே அரசாணை ஒன்று வந்தது. ஊராட்சிப் பணிகளின் பதிவேடுகளைக் கட்டணம் கட்டிப் பார்வையிடலாம். கையால் குறிப்பும் எடுத்துக்கொள்ளலாம். நகல் மட்டும் கிடையாது. சங்கடன் அதை ஏற்கவில்லை. நாற்பது நாள் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே கைக்கு வந்த பிறகும், கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் ஏன் எழுந்து போகவில்லை?

இதற்கு ஆய்வுலகில் நிலைபெற்றுவிட்ட விடை, நகல் ஒரு சட்டச் சான்று என்பதுதான். சான்றிட்ட நகல் இருந்தால் வழக்குப் போடலாம், குறிப்பேட்டை வைத்துக்கொண்டு போட முடியாது. இதில் பிழை இல்லை. ஆனால் இந்த விடை நகலின் முகத்தை நீதிமன்றத்தை நோக்கித் திருப்பிவிடுகிறது. தர்ணாவில் இருந்தவர்கள் அதை ஊரை நோக்கித் திருப்பியிருந்தார்கள் என்பதே என் வாசிப்பு. நகல் அவர்களுக்கு முதலில் அமைப்புக் கட்டும் கருவி. சான்று என்பது அதற்கு அடுத்த பயன்.

நம்மூரில் என்.எம்.ஆர். என்று சொல்லப்படும் கூலிப் பதிவேட்டுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வந்த நாள்களுக்கான குறிகள், நாள் எண்ணிக்கை, தொகை. கடைசிக் கட்டத்தில் கையெழுத்து அல்லது கைநாட்டு. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறவர் பெயரை எழுதலாம், நாளை எழுதலாம், தொகையை எழுதலாம். கைநாட்டை எழுத முடியாது. படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளி அந்தத் தாளில் தானே தீர்ப்புச் சொல்லக்கூடிய இடம் அந்த ஒரு கட்டம்தான். பேனாவே பிடித்திராதவரின் பெயருக்கு எதிரே வளைந்து நெளிந்த கையெழுத்து ஒன்று இருந்தால், மோசடியைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளர் தேவையில்லை. பார்வையிடும் உரிமை எழுத்தறிந்த ஒருவரை அறிந்தவராக்கும். நகல் ஊரை அறிந்ததாக்கும். ஏப்ரல் 6 ஆணை மறுத்தது இந்த இரண்டாவதைத்தான்.

ஆணையை எழுதியவர்கள் இவ்வளவு யோசித்துத்தான் எழுதினார்களா என்பதை என்னால் நிறுவ முடியாது. சங்கடனின் நடைமுறையோ இந்த வாசிப்புக்கே இடம் தருகிறது. 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானாவில் நடந்த முதல் ஜன் சுன்வாய் என்ற பொது விசாரணையிலிருந்தே முறை ஒன்றுதான். பதிவேட்டில் உள்ள பெயர் உரக்க வாசிக்கப்படும். பெயருக்கு உரியவர் எழுந்து தான் வேலை செய்தாரா, எவ்வளவு வாங்கினார் என்று சொல்வார். இறந்தவர்களும் ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களும் கூலி வாங்கியதாக எழுதியிருந்தது இப்படித்தான் அம்பலமானது. வாசிப்பவருக்கு எழுத்து தெரியும். உண்மை தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்பவர்கள். இந்த இரண்டு அறிவும் ஒரே பந்தலில் கூட வேண்டுமானால் தாள் அலுவலகத்தைவிட்டு வெளியே வந்தாக வேண்டும்.

கையால் எழுதிய குறிப்பையும் உரக்க வாசிக்கலாமே என்று ஒரு மறுப்பு உண்டு. வாசிக்கலாம். “இது நீ எழுதியது” என்ற ஒரே வார்த்தையில் கூட்டம் கலைந்துவிடும். இதற்கு மேல் அந்த மறுப்பில் விஷயம் இல்லை.

சற்று வலுவான இன்னொரு வாதம், வளங்களை வைத்து இயக்கங்களை அளப்பவர்களுடையது. சங்கடனைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பத்திரிகைகளின் ஆதரவு இருந்தது, ஆகவே வெற்றி வெளியிலிருந்து வந்த வளத்தால் விளைந்தது என்பார்கள். அந்த ஆதரவு இல்லாமல் பியாவர் நாடறிந்த செய்தியாகியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோரிக்கை பிறந்த இடம் வேறு. 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் தொடங்கப்பட்ட சங்கடன், குறைந்தபட்சக் கூலி கேட்டபோதெல்லாம் வந்த பதில், செய்த வேலை பதிவேட்டில் குறைவாக இருக்கிறது என்பது. அந்தப் பதிவேட்டைக் காட்டு என்றால் அது ரகசியம். மண் சுமந்தவர்களுக்கு இதற்கு மேல் யாரும் எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நிறுவன நிதி வாங்குவதில்லை என்பதும் சங்கடனின் கொள்கை. தர்ணாவுக்குக் கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, பியாவர் கடைத்தெரு காய்கறி கொடுத்தது. நிதி, பயிற்சி, ஊடகத் தொடர்பு என்று பட்டியலிடும் அமைப்பாக்கக் கையேடுகளில் அந்தத் தாளுக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சட்டச் சான்று வாசிப்பைச் சிக்கலாக்கும் செய்தி 1998 பொது விசாரணைகளிலிருந்து வருகிறது. சில ஊராட்சித் தலைவர்கள் கையாடிய பணத்தை ஊரார் முன்னிலையில் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதியிருக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் தெளிவானது. நகல் உரிமை கேட்டு 1997இல் ஜெய்ப்பூரில் மறுபடி தர்ணா. ஜூலையில் துணை முதல்வர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: ஊராட்சி ஆவணங்களின் நகல் பெறும் உரிமை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வந்துவிட்டதாம்! இல்லாத உரிமைக்காக ஊர் தெருவில் உட்கார்ந்திருக்க, இருந்த உரிமை அச்சிட்ட தாளில் ஆறு மாதம் கிடந்திருக்கிறது. உரக்க வாசிக்கப்படாத ஆவணம் யாருக்கும் வளமாகாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவு பார்வையிடுதலையும் குறிப்பெடுத்தலையும் சான்றிட்ட நகலையும் சேர்த்தே உரிமை என்கிறது. பியாவரில் பிரித்துவைக்கப்பட்டவை அங்கே சேர்ந்தன. ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கடமையாக்கியது. இவற்றால் கேள்வி தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்குக் கைப்பேசிச் செயலியில் படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. விவரங்கள் இணையதளத்தில் கிடைக்கின்றன, யாரும் பார்க்கலாம். ஏப்ரல் 6 ஆணை கொடுத்ததும் பார்வைதான். திரைக்கும் வேலைக்குப் போன பெண்ணுக்கும் இடையே மறுபடியும் படிக்கத் தெரிந்த ஒருவர் நிற்கிறார்.

ஊரில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தாரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கிராம சபைக்கு முன் உங்கள் ஊராட்சியின் வருகைப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போங்கள். பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசியுங்கள். பெயருக்கு உரியவர் பேசி முடிக்கும்வரை அடுத்த பெயருக்குப் போகாதீர்கள்.